துருவத்து ஐஸ் உருகுவது பற்றி மேல்மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் எங்களுக்கு ஓர் உரக்கடை. விதையும் மருந்தும் வாங்க வருகிறவர்கள் பஸ் வரும்வரை உட்கார்ந்து பேசுவார்கள். மழை தப்பினாலும் பேச்சு, மழை கொட்டினாலும் பேச்சு. கடைசியில் அது "இந்தக் கிளைமேட் சேஞ்ச் நிஜமா, புருடாவா" என்பதில் வந்து நிற்கும். கல்லூரியில் இயற்பியல் படித்தவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. எண்ணைப் பார்த்து முன்னால் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. ஜனவரியில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, பீன்ஸ் கருகிப்போச்சு. பூமி சூடாகுதுன்னு யாருக்கா சொன்னது?

மன்னவனூரில் ஒரு விடியற்காலை எப்படி இருந்தது என்பது ஒரு கணக்கு. உலகம் முழுவதும், நிலம் கடல் எல்லாம் சேர்த்து, பல வருடங்களின் சராசரி என்ன என்பது வேறு கணக்கு. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020 பத்தாண்டு சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு. 2024ஆம் ஆண்டு 1.5 டிகிரியையும் தாண்டியது. இந்தச் சராசரிக்குள் நம்மூர்க் குளிரான ராத்திரிகளும் அடக்கம். சராசரி ஒரு டிகிரி ஏறினால் உறைபனி ஒரேயடியாக நின்றுவிடாது.

உறைபனியையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது எப்போது விழும் என்று உங்களுக்கே தெரியும்: வானம் பளிச்சென்று, காற்று அசையாமல் இருக்கும் ராத்திரியில். மேகம் மூடிக்கிடந்தால் அன்றைக்குப் பயமில்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். காரணம் இதுதான். பகலில் நிலம் வாங்கிய வெப்பம் ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே போய்விடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக் கீழே திருப்பி அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடும் இதே வேலையைத்தான் செய்கிறது. மேகம் வரும், கலையும். கார்பன் டை ஆக்சைடு எல்லா ராத்திரியும், எல்லா ஊருக்கு மேலேயும் இருக்கிறது, வருடா வருடம் கூடுகிறது. இது பிடிபட்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்த மாதிரி.

2. துருவத்துல ஐஸ் உருகுதுங்கறாங்க. எந்த ஐஸ்? எவ்வளவு?

இரண்டு வகை. ஒன்று, கடல்நீரே உறைந்து மிதப்பது. வட துருவத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். அங்கே அடியில் நிலமே கிடையாது, கடல். இது குளிர்காலத்தில் பரவும், கோடையில் சுருங்கும், செப்டம்பரில் மிகக் குறைவாக இருக்கும். செயற்கைக்கோள் கணக்கு 1979இலிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது. அப்போது செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது, 2012இல் சுமார் 34 லட்சத்துக்கு இறங்கியது. அதற்குக் கீழே இன்னும் போகவில்லை. ஆனால் 2007க்குப் பிறகு வந்த எந்த ஆண்டும் அதற்கு முந்தைய அளவுக்கு ஏறவும் இல்லை.

இரண்டாவது, நிலத்தின் மேல் பனி விழுந்து விழுந்து இறுகிக் கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடப்பது. கிரீன்லாந்து, அண்டார்டிகா இரண்டிலும் இருப்பது இது. 2002 முதல் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பை அளந்து, இந்த ஐஸை எடை போட்டே பார்க்கின்றன. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 27,000 கோடி டன் இழக்கிறது. எண் பெரிதாக இருந்தால் மனதில் நிற்காது. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, அதை ஒரே வருடத்தில் நூறு தடவை நிரப்பும் தண்ணீர் இது.

3. டம்ளர்ல மிதக்கிற ஐஸ் உருகினா தண்ணி வழியாதே. அப்ப கடல் மட்டும் எப்படி உயருது?

நல்ல கேள்வி, பாதி சரியும்கூட. வட துருவத்தில் மிதக்கும் ஐஸ் முழுவதும் உருகினாலும் கடல் மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். டம்ளருக்கு வெளியே மேஜையில் இருக்கும் ஐஸ்தான் கணக்கு: கிரீன்லாந்து, அண்டார்டிகா, மற்ற மலைகளின் பனியாறுகள். கிரீன்லாந்து ஐஸ் முழுக்க உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் ஏறும், அண்டார்டிகாவில் உள்ளதெல்லாம் உருகினால் சுமார் 58 மீட்டர். நாளைக்கே ஆகிவிடாது, அதற்கு நூற்றாண்டுகளும் ஆயிரம் ஆண்டுகளும் வேண்டும்.

இதுவரை நடந்தது: 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அதில் கணிசமான பங்கு ஐஸால் வந்ததுகூட இல்லை, கடல்நீர் சூடாகி விரிந்ததால் வந்தது. கவனிக்க வேண்டியது வேகம். 1970 வரை ஆண்டுக்குச் சுமார் 1.3 மில்லிமீட்டர், 2006–2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டர்.

4. நாம ஆறாயிரம் அடிக்கு மேல உட்கார்ந்திருக்கோம். கடல் ஏறினா நமக்கென்ன?

பூம்பாறைக்குக் கடல் வராது, வாஸ்தவம்தான். ஆனால் நம் வெள்ளாமை மழையையும் குளிரையும் நம்பி நடக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் தங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதனால் கொட்டினால் மொத்தமாகக் கொட்டும், இல்லாவிட்டால் இழுத்தடிக்கும். மலைப்பூண்டு காய வைக்கிற நேரத்தில் விடாமல் மழை பிடித்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.

துருவத்துக்கும் நம் பருவமழைக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதை இந்தியாவே தேடிக்கொண்டிருக்கிறது. வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டில் 2008 முதல் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆர்க்டிக்கில் கோடை ஐஸ் குறைவதற்கும் மத்திய இந்தியாவில் பருவத்தின் கடைசியில் பெய்யும் பேய்மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 'இருக்கலாம்' என்ற அளவிலேயே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. அண்டார்டிகாவுல ஐஸ் கூடிக்கிட்டே போகுதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

அந்த மாதிரிச் செய்தி பழைய சரக்கு, ஆனால் முழுப் பொய்யும் இல்லை. தென் துருவத்தைச் சுற்றி மிதக்கும் கடல் ஐஸ் 2014 வரை லேசாகக் கூடியது. அதற்கு ஏன் என்று அறிஞர்களே தலையைச் சொறிந்தார்கள். 2016இல் சட்டென்று சரிந்தது, 2023 பிப்ரவரியில் செயற்கைக்கோள் கணக்கு தொடங்கியதிலிருந்து மிகக் குறைந்த அளவுக்கு வந்தது. 2014இல் எடுத்த படத்தை இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நிலத்து ஐஸ் வேறு கதை (2ஐப் பாருங்கள்). அண்டார்டிகா 2002க்குப் பிறகு மொத்தமாகப் பார்த்தால் எடை இழந்திருக்கிறது. நடுவே 2021 முதல் 2023 வரை வழக்கத்தைவிட அதிகம் பனி பொழிந்ததால் எடை கொஞ்சம் கூடியது. சூடான காற்று ஈரத்தை அதிகம் சுமக்கும் என்று 4இல் சொன்னது அங்கேயும் பொருந்தும். மேலே பனி விழுகிறது, ஓரத்தில் கடல் அரிக்கிறது. பல வருடங்கள் சேர்த்து எது ஜெயிக்கிறது என்று பார்க்க வேண்டும். இதுவரை ஜெயித்தது இழப்பு.

6. பனிக்கரடி எண்ணிக்கை கூடியிருக்காமே?

சில இடங்களில் கூடியது உண்மை. 1973இல் ஆர்க்டிக் நாடுகள் ஒப்பந்தம் போட்டு வேட்டையைக் கட்டுப்படுத்தின, அதனால் மீண்டது. சுடுவதை நிறுத்தினால் எந்த விலங்கும் கொஞ்சம் பெருகும். ஐஸ் குறைகிறதா என்பதை ஐஸை அளந்து தெரிந்துகொள்ளலாம், கரடியை எண்ணத் தேவையில்லை.

7. எல்லாத்துக்கும் சூரியன்தான் காரணம்னு ஒருத்தர் வீடியோவுல அடிச்சுச் சொல்றாரே?

இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே சரியான இடத்தில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் தொடங்கியதற்குப் பின்னால் இதே சந்தேகம் உண்டு. மதராஸ் மாகாணத்தில் பஞ்சம் வந்து போனபின், மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1899இல் ஆய்வகம் நிறுவப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், அவற்றை இப்போது கணினியிலும் ஏற்றிவிட்டார்கள். உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இவ்வளவு நீண்ட தொடர் உண்டு.

சூரியன் மாறுவது உண்மை. சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை கரும்புள்ளிகள் பெருகும், குறையும். ஆனால் அதில் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 0.1 சதவீதம். 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள் நேரடியாக அளக்கிறது. 1980களுக்குப் பிறகு சூரியனின் சக்தி ஏறவில்லை. 2008இல் தொடங்கிய சுற்று நூறாண்டில் மிகவும் சோம்பலான ஒன்று. பூமி அதிகம் சூடானதும் இதே காலத்தில்தான்.

இன்னொரு தடயம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை முழுவதும் சூடாக வேண்டும். நடப்பது அப்படி இல்லை: கீழே சூடாகிறது, உயரத்தில் உள்ள ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்கிறது. உலகின் நிலப்பகுதிகளில் ராத்திரிகள் பகலைவிட வேகமாகச் சூடேறியிருக்கின்றன. ராத்திரியில் சூரியன் ஏது? 1இல் சொன்ன மேகத்தின் வேலைக்கு இது ஒத்துப்போகிறது.

8. காத்துல அந்தக் கார்பன் 0.04 சதவீதம்தானாம். அது என்னத்தைப் பண்ணிரும்?

பத்து லிட்டர் டேங்கில் எத்தனை மில்லி மருந்து ஊற்றுகிறீர்கள்? அளவு சிறிது என்பதால் வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். காற்றில் 99 சதவீதம் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்புக் கதிரைக் கண்டுகொள்வதே இல்லை, விட்டுவிடுகின்றன. பிடிப்பது நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற சில்லறை வாயுக்கள்தான்.

இதை நேற்று யாரும் புதிதாகச் சொல்லவில்லை. 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கார்பன் டை ஆக்சைடு அடைத்த கண்ணாடிக் குழாய் வெயிலில் சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாவதைக் காட்டினார். 1859இல் ஜான் டிண்டால் ஆய்வகத்தில் அளந்தார். 1896இல் ஸ்வாந்தே அர்ரேனியஸ் இந்த வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று பேனாவும் காகிதமும் வைத்துக் கணக்குப் போட்டார்.

9. அது மனுசன் விட்ட புகைதான்னு எப்படித் தெரியும்? எரிமலை விட்டதா இருக்கலாமே?

எரிமலைகள் ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, நாம் எரித்து வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. "அதுவே எரிமலைதானே" என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. எரிமலையே இல்லாத தென் துருவ நிலையத்திலும் இதே ஏற்றம் பதிவாகியிருக்கிறது.

அடையாளமும் இருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்தவை. காலப்போக்கில் சிதைந்துவிடும் கதிரியக்கக் கார்பன்-14 என்ற கார்பன் வகை அவற்றில் மிச்சமில்லை. தாவரத்திலிருந்து வந்தவை என்பதால் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான வகையும் குறைவு. காற்றில் இருக்கும் கார்பனிலும் இந்த இரண்டின் விகிதம் குறைந்துகொண்டு வருகிறது. எரிமலைப் புகையாக இருந்தால் கார்பன்-13 இப்படிக் குறையாது.

10. பனியுகம் வந்துச்சு, போச்சு. அப்ப எந்தக் கார் ஓடுச்சு?

எந்தக் காரும் ஓடவில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறுவதால் பனியுகங்கள் வந்தன. அதன் தடம் நமக்குப் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. நீலகிரியில், ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா போன்ற சதுப்புகளில் மக்கிய கரிமண் படிவுகள் உண்டு. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பன்-13ஐ வேறு வேறு அளவில் எடுத்துக்கொள்ளும். அதை வைத்து, படிவின் ஒவ்வோர் அடுக்குக் காலத்திலும் அங்கே சோலை மேலோங்கியதா, புல்வெளியா என்று 1993இல் வெளியான ஆய்வு கணித்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, மழை குறைந்து வறண்ட புல்வெளி ஓங்கியிருந்தது. அந்தக் காலத்தில் கடல் இன்றைக்கு விடச் சுமார் 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்.

அந்தக் குளிரிலிருந்து இன்றைய நிலைக்கு உலகம் 5, 6 டிகிரி ஏறப் பத்தாயிரம் ஆண்டு பிடித்தது. இப்போது ஒரு டிகிரிக்கு மேல் ஏற நூற்றைம்பது ஆண்டுதான் ஆகியிருக்கிறது. சோலை மரத்தால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து இடம் மாற முடியாது. நம் மலையில் அதற்கு மேலே ஏற உயரமும் இல்லை.

11. அந்த ஐஸைத் துளைச்சுப் பார்த்ததுல, முதல்ல வெப்பம், அப்புறம்தான் கார்பன் ஏறுச்சாமே? அப்ப எல்லாம் தலைகீழ்தானே?

விஷயம் தெரிந்தவர்கள் கேட்பது இது. அண்டார்டிகா ஐஸைத் துளைத்து எடுத்த தண்டுகளில் 8 லட்சம் ஆண்டுக் காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கின்றன. பனியுகங்கள் முடியும்போது முதல் தள்ளு பாதை மாற்றத்திலிருந்து வந்தது. கடல் சூடாகி, கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டது. அது மேலும் சூடாக்கியது. இப்போது முதல் தள்ளே நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்த 8 லட்சம் ஆண்டில் எப்போதும் இந்த வாயு 300ஐத் தாண்டியதில்லை. 9இல் சொன்ன 420ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

12. இமயமலை ஐஸ் 2035ல காலின்னாங்க. ஆர்க்டிக்ல ஐஸே இருக்காதுன்னாங்க. 1970ல பனியுகம் வரப்போகுதுன்னாங்க. எதை நம்புறது?

மூன்றையும் பிரித்துப் பார்ப்போம். 2035 தவறு, சந்தேகமே இல்லை. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007 அறிக்கையில் ஒரு பத்தியில், சரிபார்க்காத மூலத்திலிருந்து அதை எடுத்துப் போட்டிருந்தது. மற்ற விஞ்ஞானிகளே பிடித்தார்கள். 2010 ஜனவரியில் குழு ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ள எடுத்த நேரமும், கேள்வி கேட்டவர்களை முதலில் எடுத்தெறிந்து பேசியதும் எனக்கு இன்னும் கசப்புதான். பின்னால் வந்த மதிப்பீடு, வெப்ப ஏற்றத்தை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 2100க்குள் போகும் என்கிறது.

ஆர்க்டிக் பற்றிச் சொன்னது அரசியல்வாதி அல் கோர், 2009இல், ஐந்து முதல் ஏழு ஆண்டில் கோடை ஐஸ் இல்லாமல் போக 75 சதவீத வாய்ப்பு என்று. நடக்கவில்லை. காலநிலைக் குழு சொல்வது, 2050க்குள் ஒரு செப்டம்பரிலாவது பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழே போக வாய்ப்பு அதிகம் என்பது. மேடையில் பேசுகிறவர் சொன்னதையும் அறிக்கையில் இருப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டு பக்கத்துக்கும் வசதி.

1970: பத்திரிகைகளில் அந்தப் பேச்சு ஓடியது. 1965 முதல் 1979 வரை வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னால் எண்ணிப் பார்த்தார்கள். குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44.

13. விஞ்ஞானிகளுக்குள்ளேயே அடிச்சுக்கறாங்களே, அப்புறம் நாம எதுக்கு நம்பணும்?

எதில் அடித்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். மேற்கு அண்டார்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாறு எவ்வளவு வேகத்தில் சரியும்? கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் 2.5 டிகிரியா, 4 டிகிரியா? இவை உண்மையான சண்டைகள். சூடாகிறதா, அதற்கு மனிதன் காரணமா என்பதில் சண்டை ஓய்ந்து வெகு நாளாகிறது.

2009இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபோது, தரவுகளைத் திரித்துவிட்டார்கள் என்று பெரிய கூச்சல். பல விசாரணைகள் நடந்தன. திரித்ததாக எதுவும் தெரியவில்லை. தரவைப் பிறருக்குத் தருவதில் காட்டிய இறுக்கத்துக்குக் கண்டனம் வந்தது. அந்தக் கண்டனம் சரிதான்.

14. கொடைக்கானல்ல ஃபேன் போடற நிலைமைக்கு காங்கிரீட்டும் மரம் வெட்டினதும்தான் காரணம். எல்லாத்தையும் துருவத்து மேல போட்டுத் தப்பிச்சுக்கறாங்க.

கேள்வியைவிடக் குற்றச்சாட்டு என்று சொல்லலாம், நிறைய நியாயமும் இருக்கிறது. ஏரியைச் சுற்றிக் கட்டடம் நெருங்கினால் அங்கே சூடு கூடத்தான் செய்யும். ஓடையை அடைத்துக் கட்டிய விடுதிக்குள் தண்ணீர் புகுந்தால் அதற்குக் கிரீன்லாந்து பொறுப்பில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் மலையேறி வந்து மரங்களைச் சாய்த்ததே, அந்த ஒரு புயலை மட்டும் எடுத்து 'இது காலநிலை மாற்றத்தால் வந்தது' என்று நான் சொல்ல மாட்டேன். சூடான கடலில் புயல்கள் பலமடைகின்றன, மழை கூடுகிறது என்ற போக்கைச் சொல்லலாம்.

ஆனால் உலகச் சூட்டுக்குக் காங்கிரீட் மட்டும் காரணம் என்றால், கட்டடமே இல்லாத ஆர்க்டிக் ஏன் 1979க்குப் பிறகு உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது? வெள்ளை ஐஸ் போய்க் கறுத்த கடல்நீர் தெரிந்தால் வெயிலைத் திருப்பி அனுப்ப ஆளில்லை, அதனால்.

மரம் நடுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னவனூர்ப் புல்வெளி காலி இடம் இல்லை. சோலையும் புல்லும் சேர்ந்ததுதான் இந்த மலை; தண்ணீரையும் கார்பனையும் மண்ணில் பிடித்து வைப்பதில் புல்லுக்குப் பெரிய பங்கு. பைன், வாட்டில் என்ற வெளிநாட்டு மரங்களை நட்டு இந்தப் புல்வெளியைத் தின்னவிட்டது ஒரு தடவை போதும்.

15. வெள்ளைக்காரன் இருநூறு வருஷமா எரிச்சான். இப்ப நம்மளைக் குறைங்கறான். இது என்ன நியாயம்?

இது இயற்பியல் கேள்வி இல்லை, உண்மையான விவாதமே இங்கேதான் இருக்க வேண்டும். இதுவரை வெளியான கார்பனில் அமெரிக்கா மட்டும் கிட்டத்தட்ட கால் பங்கு. இந்தியா 3, 4 சதவீதம். இன்று மொத்தத்தில் நாம் மூன்றாம் இடம், ஆளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2 டன். அமெரிக்கருக்கு சுமார் 14. 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா 2070க்குள் நிகர உமிழ்வைச் சுழியாக்குவதாகச் சொன்னது. யார் முதலில், யார் காசில் என்று சண்டை போடலாம், போட வேண்டும். அதற்காக 'உருகவே இல்லை' என்று சொன்னால் நம் வழக்கை நாமே கெடுத்துக்கொள்கிறோம். நஷ்ட ஈடு கேட்கிறவன் நஷ்டமே இல்லை என்று சாட்சி சொல்லலாமா?

16. இவ்வளவு சொல்றீங்களே அக்கா, எதைக் காட்டினா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க?

பெருமாள்மலையிலிருந்து வந்த ஒரு கல்லூரித் தம்பி கேட்டது. மற்ற எல்லாக் கேள்வியையும்விட இது உசத்தி. கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள் போகிறது. அதை அளக்க உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் மூழ்கி எழுந்துகொண்டிருக்கின்றன. கார்பன் ஏறிக்கொண்டே இருக்க, அந்தக் கடல் வெப்பம் பத்திருபது ஆண்டு தொடர்ந்து இறங்கினால் நான் யோசிப்பேன். 7இல் சொன்ன ஸ்ட்ராடோஸ்பியர் தரையோடு சேர்ந்து சூடாகத் தொடங்கினால் சூரியக் கட்சிக்காரரிடம் போய் மறுபடி கேட்பேன். கிரீன்லாந்து பல ஆண்டு விடாமல் எடை கூடினாலும் அப்படியே.

ஒரு குளிர்ந்த ஜனவரியும் ஒரு வாட்ஸ்அப் படமும் போதாது. படம் காட்டினால் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, மிதக்கும் ஐஸா நிலத்து ஐஸா என்று முதலில் கேட்பேன். அந்தத் தம்பியும் இப்போது அதையே மற்றவர்களிடம் கேட்கிறான்.